கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்போது

கூட்ஸ் வண்டி போகும்போது
எங்கள் மேசை நடுங்கும்.
காற்றில் மிதக்கும் கால்கள், அரை டன் எடை,
நிலநடுக்கமே வந்தாலும் அசையாது என்றான் விற்றவன்.
அவன் கொருக்குப்பேட்டையைப் பார்த்ததில்லை.
எண்ணூரில் ஏற்றிய நிலக்கரி
ஐம்பத்தெட்டு பெட்டி போகிறது.
திரையில் என் கோடு மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது.

அதனால் இரவு இரண்டிலிருந்து நாலேகால் வரை அளக்கிறேன்.
அந்த நேரம் தண்டவாளம் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

திரவ நைட்ரஜன் மணலியிலிருந்து வரும்,
ஜானி பாஷாவின் ஷேர் ஆட்டோவில்,
பெர்னடெட்டின் கால்களுக்கு நடுவே.
மூடியோரம் வெள்ளைப் புகை.
"இன்னாமே அது, ஐஸா?" என்றாராம் பக்கத்தில் இருந்தவர்.
"ஐஸுக்கு அண்ணன்" என்றாளாம்.

குடுவையில் இருப்பது கரி, அவ்வளவுதான்.
ஜன்னல் கம்பியில் தினமும் படிகிற,
மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் வருகிற
அதே தனிமம்.
ஆனால் இது சுருண்டது.
அறுகோணமாய்ப் பின்னிய ஓர் அணுத் தடிமன் தாள்,
கடலைக்காரர் பேப்பரைச் சுருட்டுவதுபோல.
நேராய்ச் சுருட்டினால் ஒன்று,
கொஞ்சம் சாய்த்தால் வேறொன்று.
ஓரத்தில் எந்தச் செய்தி எந்தச் செய்தியோடு
போய் ஒட்டுகிறது என்பதில் இருக்கிறது எல்லாம்.
ஏழு, ஐந்து.
எட்டு, மூன்று.
இரண்டு எண்களே ஒரு பெயர்.

கண்ணுக்கு எல்லாம் கறுப்பு.
கட்டாய்க் கிடக்கும்வரை எதுவும் ஒளிராது,
ஒன்றின் ஒளியை இன்னொன்று தின்றுவிடும்.
பெர்னடெட் சோப்புக் கரைசலில் போட்டு
நாற்பது நிமிடம் ஒலியால் அடிக்கிறாள்.
பல் கூசும் கீச்சல்.
காசிமேட்டு ஐஸ் உடைக்கிற மிஷினே தேவலை என்பாள்,
அங்கே பிறந்தவள்.
பிறகு சுழற்றி, அடியில் தங்கியதை விட்டு
மேலே தெளிந்ததை மட்டும் எனக்குத் தருவாள்.

தனித்தனியே மிதக்கும்போதுதான்
கேட்டதற்குப் பதில் சொல்கின்றன.

ஐந்நூறிலிருந்து எண்ணூறு வரை
(ஊர் இல்லை, நானோமீட்டர்)
ஐந்தைந்தாய் நிறத்தை நகர்த்திக் கேட்கிறேன்.
பச்சையில் ஒன்றுமில்லை.
சிவப்பில், அறுநூற்று நாற்பத்தைந்தில் தொட்டால்
ஆயிரத்து இருபத்துநாலில் எழுகிறது ஒரு மேடு.
ஏழு, ஐந்து. வேறு யாரும் அந்த இடத்தில் எழுவதில்லை.
அந்த நிறம் மனிதக் கண்ணுக்குக் கிடையாது.
நாலு வருடமாய்ப் படிக்கிறேன் இந்த வெளிச்சத்தை,
ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏழு, நான்கு மட்டும்
எந்த நிறத்துக்கும் ஒளிராது.
கழித்தால் மூன்று வருகிறவை உலோகம்.
முதல் வருடம் "இல்லை" என்று எழுதினேன்.
அறிக்கையும் போய்விட்டது.
பெர்னடெட் அதே குடுவையை
நீல லேசரின் கீழ் வைத்துச்
சிதறி வந்ததை எண்ணினாள்.
குழாய் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும் அதிர்வு,
முந்நூற்றைந்துக்குப் பக்கத்தில், கூர்மையாக.
"இருக்குதுடி," என்றாள்,
"நீ வேற கேள்வி கேட்டிருக்கணும்."

போன மாதம் தரமணியில் ஒரு நேர்காணல்.
வீடு எங்கே?
சொன்னேன்.
"ஓ" என்றார்கள்.
அகலமான ஓ, உச்சியே இல்லாதது.
அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை.

மணி மூன்று நாற்பது.
நைட்ரஜன் கொதித்து அடங்குகிறது.
எட்டு, மூன்று பாக்கி.
அறுநூற்று அறுபத்தைந்துக்கு வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்,
தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ஏதோ தலை தூக்குகிறது,
கேட் மணி அடிக்கிறது,
யாரோ பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கடியில் நுழைகிறான்,
கேட்காரர் திட்டுவது இங்கே கேட்கிறது.

மேட்டில் பாதி ஏறியிருந்தேன்.
மீதிப் பாதியில்
ஐம்பத்தெட்டு பெட்டிக் கரி.

கோப்பை அழிக்கவில்லை.
பெயர் வைத்துச் சேமித்தேன்:
கூட்ஸ், மூன்று ஐம்பத்திரண்டு.